புதுச்சத்திரம் வரைக்கும்

கடலூர் எஃப்.எம். நிலையத்தில் தினமும் மாலைப் பாட்டு நிகழ்ச்சி நடத்தும் தாட்சாயிணி, வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

"ஏன்டி திடீர்னு?" என்றாள் உடன் வேலை பார்க்கும் எழிலரசி.

"தொண்டை வறளப் பேசுறேன். புதுச்சத்திரம் தாண்டுனா நம்ம ஸ்டேஷன் எடுக்கறதில்ல. சிதம்பரத்துல எங்க வீட்ல ஒருத்தரும் என் நிகழ்ச்சியக் கேட்டதில்ல. அப்பாவுக்கு இந்த வேலையே புடிக்கல. சாயங்காலமானா கோயிலுக்குக் கெளம்பிடுறாரு. போதும்டி, சலிச்சுப்போச்சு."

"அப்ப இன்னிக்கு நிகழ்ச்சி?"

"நீயே பேசிடு."

சிதம்பரம் பேருந்தில் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

புதுச்சத்திரத்தில் பேருந்து நின்றது. யாரோ தோளைத் தொட்டார்கள். அப்பா!

"இங்க எங்கப்பா வந்தீங்க?"

அவர் கையிலிருந்த சின்ன ரேடியோவில் எழிலரசி பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா? இன்னிக்கு வேற பொண்ணு பேசுதே!"