கிமோனோவின் கை

“இதை வெட்டி என்னத்தையாவது தையுங்கோ, ஃபூமிகோ. குஷன் உறை எண்டாலும் சரி.”

சறோஜா கூறைச் சேலையை மேசையில் போட்டாள். மகள் ரேச்சலின் கல்யாணத்துக்கென்று ஆசை ஆசையாகக் கொழும்பில் எடுத்தது.

அந்த மகள் கோயிலும் இல்லாமல், கூறையும் இல்லாமல், ஒரு வெள்ளைக்காரப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு, மாசி என்ற புறநகரில் குடியிருக்கிறாள். ஒரு வருடமாகப் பேச்சில்லை. சறோஜாவின் வீம்பு அவள் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே வட்டாரம் முழுக்கத் தெரிந்ததுதான்.

பக்கத்து வீட்டு ஃபூமிகோ பழைய கிமோனோக்களைத் தையல் பிரித்து, துவைத்து, அந்தப் பட்டில் புதிதாகத் தைப்பவள். எல்லாம் கைத்தையல்தான். மெஷின் என்றால் முகத்தைச் சுளிப்பாள்.

இன்று அவள் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. உள்ளே போய், நூல் கட்டு அவிழ்க்காத ஒரு பழுப்புப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

நியூசிலாந்துச் சிப்பாய் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் கப்பலேறியபோது, “எனக்கு நீ கல்யாணமாகாத பெண்தான்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, பிறகு தைத்து அனுப்பிய கிமோனோ.

அவர்கள் ஊரில் கன்னிப் பெண்ணின் கிமோனோவுக்குக் கை கணுக்கால் வரை தொங்கும். கல்யாணமானால் குட்டைக் கை. அம்மா எதைத் தைத்திருப்பாள் என்று தெரியாதா? அதைக் கண்ணால் பார்க்க மனம் வராமல் நாற்பது வருடம் பூட்டி வைத்திருந்தாளாம். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்றாள்.

கட்டு இற்றுப்போயிருந்தது. தொட்டதும் அறுந்தது.

கற்பூர வாசனையோடு சாம்பல் நிறப் பட்டு வெளியே வந்தது. எத்தனை பொடித் தையல்! சறோஜா தோளைப் பிடித்துத் தூக்கினாள். கை நிலத்தில் விழப்போகிறதென்று பின்னால் நகர்ந்தாள்.

விழவில்லை. இடுப்போடு நின்றுவிட்டது.

ஃபூமிகோ அந்தக் குட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விம்மி அழுதாள்.

சறோஜா கூறையை எடுத்துத் திரும்ப மடித்தாள். கேட்காமலே ஃபூமிகோவின் டெலிபோனை எடுத்தாள். ஒரு நாளும் அழைக்காத நம்பர்தான். ஆனாலும் விரலுக்குத் தெரிந்திருந்தது.

“பிள்ளை, அம்மா கதைக்கிறன். கூறைக்குச் சட்டை தைக்கோணும். உன்ர அளவு இப்ப என்ன?”