கடைசி முட்டு

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, கட்டி முடியும் தறுவாயிலிருந்த ஐந்து மாடி வணிக வளாகத்தின் வாசலில், சென்ட்ரிங் மேஸ்திரி தம் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, ஒரு கான்கிரீட் விட்டத்தைத் தாங்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

காலை எட்டு மணியிலிருந்தே நின்றுகொண்டிருந்தார்.

வரிசையாகச் சொல்வதே முறை. கான்கிரீட் இறுகும்வரை விட்டத்துக்கு அடியில் கம்பு நிறுத்தி முட்டுக் கொடுத்திருப்பார்கள்; இறுகியபின் பிரித்துவிடுவார்கள். அன்று மேஸ்திரி கடைசி முட்டைப் பிரித்து வைத்த அதே நொடியில் எங்கோ ‘கிர்’ரென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் தம்மையறியாமல் கைகளை உயர்த்தினார். வேலையாட்களிலேயே நெடியவர், வாசல் விட்டமும் தாழ்வானது. உள்ளங்கைகள் கச்சிதமாகப் பொருந்தின.

“விட்றாதே!” என்று ஒப்பந்தக்காரர் அலறினார்.

மேல்மாடியில் யாரோ ஏணியை இழுத்த சத்தம்தான் அது என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது.

ஆனால், ‘விடு’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முட்டினை எடுக்கச் சொன்னவர் எவரோ, பின்னால் எது விழுந்தாலும் அவரே பொறுப்பு. இப்போது மேஸ்திரியும் ஒரு முட்டு.

பொறியாளரும் கட்டட வடிவமைப்பாளரும் ஒரு மேசையைக் கொண்டுவரச் சொல்லி, அவர் எதிரிலேயே அமர்ந்து ஆராய்ந்தனர். மேஸ்திரியை நிலைச்சுமையில் சேர்ப்பதா, இயங்குசுமையில் சேர்ப்பதா? சுவரையும் தளத்தையும் போல அசையாமல் கிடப்பது நிலைச்சுமை; ஆட்களையும் மேசை நாற்காலிகளையும் போல வந்துபோவது இயங்குசுமை. மேஸ்திரி ஆள்தான். எனினும் நாலரை மணி நேரமாக அவர் அசையவில்லை.

அப்போது மேஸ்திரியின் மனைவி வந்தார்.

“என்னங்க இது? ஒரு மணிக்கு பஸ்ஸு. எதிர்ல ஸ்டாப்புல பொண்ணு பெட்டியோட நிக்குறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லாம ஏற மாட்டேங்குறா.”

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. இந்தப் பேருந்தை விட்டால் மறுநாள் காலை வேலையில் சேர முடியாது. சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

“கைய எடுக்கச் சொல்லலியே,” என்றார் மேஸ்திரி.

“பரண் மேலேருந்து ஒரு பானைய எடுத்துக் குடுங்கன்னா தோள்பட்டை வலிக்குதுன்னு படுத்துக்குவீங்க. இங்க வந்து ஊரான் வீட்டு பீமைத் தாங்குறீங்களாக்கும்!”

பிறகு அவர் பொறியாளரிடம் திரும்பினார்.

“சார், நீங்களாவது சொல்லுங்க. இவரு விட்டா இது விழுந்துடுமா?”

“கணக்குப்படி விழாதும்மா.”

“அப்ப விடச் சொல்லுங்க.”

“கணக்கு போடுறது வேற, சொல்றது வேற.”

வடிவமைப்பாளர் தாம் விட்டத்தின் அழகுக்கு மட்டுமே பொறுப்பு என்றார். ஒப்பந்தக்காரர், “நான் விடாதேன்னுதான் சொன்னேன். விடுன்னு சொல்றவன் வேற எவனாவது வரட்டும்,” என்று கைகளைக் கட்டிக்கொண்டார்.

எதிரே பேருந்து வந்து நின்றது. மகள் பெட்டியை ஏற்றிவிட்டு, ஒரு காலைப் படியிலும் மறு காலைத் தரையிலுமாக வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தாள்.

மேஸ்திரியின் கால்கள் ஓடத் துடித்தன. கைகள் விட்டத்தோடு ஒட்டிக்கொண்டவை போல அப்படியே இருந்தன. அவர் கண்களைத் துடைத்துக்கொள்ளவும் கை இல்லை.

மனைவி அதைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

“நகருங்க. நான் பிடிக்கிறேன்.”

ஒப்பந்தக்காரரும் மற்ற இருவரும் அவசரமாகக் கலந்தாலோசித்தனர். பழைய முட்டினை எடுக்குமுன் அதனருகில் புதிய முட்டு ஒன்றை நிறுத்தினால், எவரும் எதையும் எடுக்கச் சொன்னதாகாது. முட்டு மாற்றம் என்பதே அதற்குப் பெயர். நாள்தோறும் நடப்பது. ஆட்சேபம் எழவில்லை.

அந்த அம்மாள் கணவருக்குப் பக்கத்தில் நின்று கைகளை உயர்த்தினார். ஒப்பந்தக்காரர், பொறியாளர், வடிவமைப்பாளர் ஆகிய மூவரும் கண்களை இறுக மூடிக்கொண்டனர்.

மேஸ்திரி விலகினார்.

ஒன்றும் விழவில்லை.

அவர் தெருவைக் கடந்து ஓடினார். தோள்கள் பிடித்துக்கொண்டதால் கைகள் கீழே இறங்கவில்லை. தூக்கிய கைகளோடேயே ஓடினார். கிளம்பிவிட்ட பேருந்தின் ஓட்டுநர், யாரோ இரு கைகளையும் உயர்த்தி மறிப்பதாக எண்ணி நிறுத்தினார். மகள் குதித்திறங்கி, அப்பாவின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகுதான் இருவரும் பேசினார்கள்.

இறுதியில் முடிவு செய்யப்பட்டது பின்வருமாறு: மேஸ்திரி திரும்பும்வரை அவர் மனைவியே விட்டத்தைத் தாங்குவார். அதன்பின் இருவரும் முறைவைத்துத் தாங்குவர். கட்டடத்திலுள்ள ஏனைய விட்டங்களுக்கும் பாதுகாப்பைக் கருதி ஒன்றுக்கு ஒருவராக ஆட்கள் நியமிக்கப்படுவர். அந்த வேலைக்கு உயரம் ஒரு தகுதியாகக் கொள்ளப்படாது.

கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவர் பொறியாளர். கண்களைத் திறந்தவுடன் முதலில் அண்ணாந்து பார்த்தவர் அவர்தான். அந்த அம்மாளின் விரல்நுனிகளுக்கும் விட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.