நீன்கே கால் வைத்த இடம்

நடுவர் “அவுட்” என்றதும் டென்னிஸ் ஆட்டம் முடிந்தது. நீன்கே ஜெயித்துவிட்டாள்.

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற செக் நாட்டுப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. பந்து கோட்டில்தான் பட்டது, தடத்தைப் பாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நடுவர் அலுத்துக்கொண்டே உயர நாற்காலியிலிருந்து இறங்கினார்.

தடம் நீன்கேவின் பக்கம், பின்கோட்டை ஒட்டிச் செம்மண்ணில் பதிந்திருந்தது. அவள்தான் அதற்குப் பக்கத்தில் இருந்தாள்.

நீன்கேவுக்கு முப்பத்து மூன்று வயது. உலகத் தரவரிசையில் இருநூற்றைம்பதுக்கு முன்னும் பின்னுமாகவே காலம் தள்ளியவள். ஹாலந்துக்கு வெளியே அவள் பெயர் யாருக்கும் தெரியாது. ஹாலந்துக்குள்ளேயும் அப்படித்தான்.

போட்டிக்குப் போட்டி அவளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுவது அப்பா டவுவே. மனைவி இறந்த மறுமாதமே பால்மாடுகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வேனில் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. போலந்தோ போஸ்னியாவோ, எங்கே போனாலும் அதே ரொட்டி, அதே சீஸ், அதே ஃபிளாஸ்க் காபி.

முதல் சுற்றிலேயே மகள் தோற்றாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர்கள் ஊரான ஃபிரீஸ்லாந்தில் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். தலைமுடி வெட்டியது சகிக்கவில்லை என்றால் பிறந்தநாள் விருந்திலேயே சொல்வார்கள். ஆனால் அப்பாவும் மகளும் வேனுக்குள் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான்.

புத்தாண்டன்று மட்டும், பொரித்த மாவுருண்டையைத் தின்றுகொண்டே ஒரு முடிவு செய்தார்கள். இந்த வருஷம் பாரிஸ் பெரும்போட்டியின் தகுதிச் சுற்றுக்குள் நுழையாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. நுழைந்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

இன்று ஜெயித்தால் பாரிஸ்.

செம்மண் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் பக்கம் விழுந்த தடத்தை ஆடுபவரே காலால் தேய்த்து அழித்துவிட்டால், பந்து உள்ளேதான், புள்ளி உனக்குத்தான் என்று எதிராளிக்கு விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் நடுவருக்கும் அங்கே வேலையில்லை.

நீன்கே குனிந்து தடத்தைப் பார்த்தாள். நடுவர் பாதி தூரம் வந்திருந்தார்.

அவள் காலை வைத்துத் தேய்த்தாள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செக் பெண் நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கினாள். அதற்கப்புறம் ஆட்டம் கைமாறிப் போனது. அந்த செட்டும் போனது, அடுத்ததும் போனது.

தோற்றவளுக்குத்தான் பெரிய பூங்கொத்து கிடைத்தது. கிளப் தலைவர் ஹாலந்து வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“ஃபிரீஸ்லாந்துக்காரிக்கு வாயில மட்டுமில்ல, கால்லகூட பொய் வராது!”

எல்லோரும் சிரித்தார்கள். நீன்கேவும் சிரித்துவைத்தாள்.

அப்பா வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார். ஆட்டம் முழுக்கப் பின்கோட்டுக்கு நேரே, வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், இப்போது அதை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. வேனை விட்டால் இந்த மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது?

பாரிஸ் போயிற்று, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் இரண்டு கோப்பையில் காபி ஊற்றினார். ஒன்றை அவளிடம் நீட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

“பந்து ரெண்டு விரல் வெளியதான் விழுந்துச்சு, நானும் பாத்தேன். என் முதுகே போச்சு, நீன்கே. இந்தக் காலை மூணு வருஷம் முன்னாடியே வச்சிருக்கக் கூடாதா?”