செத்த டயோடு

"இதுவும் செத்துப்போச்சு போலிருக்கே சார்!"

மெக்கானிக் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஓவனிலிருந்து கழற்றிய டயோடின் இரண்டு கால்களிலும் வைத்துப் பார்த்தார். முனைகளை மாற்றியும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். சட்டென்று சுதாரித்து, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அடடா, பாவம்" என்றார்.

வாத்தியாருக்கு ஒரு பைத்தியம் உண்டு. கொஞ்சூண்டு மின்சாரத்தை வாங்கி, ஏணியில் ஏற்றுவதுபோல் படிப்படியாக ஏற்றி, உச்சியில் ஊதா நிறப் பொறியாகப் பறக்கவிடும் ஒரு பெட்டியை வீட்டு மாடி அறையில் கட்டிக்கொண்டிருந்தார். படிக்கு ஒரு டயோடு வேண்டும். அதுவும் உயர் அழுத்தம் தாங்கும் டயோடு. புதிதாக வாங்கப் போனால் ஆனை விலை, குதிரை விலை. ஆனால் மைக்ரோவேவ் ஓவன் ஒவ்வொன்றின் வயிற்றிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதனால்தான் பள்ளி விட்டதும் வாத்தியாரின் கால்கள் தாமாகவே இந்த ரிப்பேர் கடைக்கு நடந்தன.

இங்கே அவருக்கு அடித்தது யோகம். ஒரு பக்கம் வழிவிட்டு மறுபக்கம் மறிப்பதுதான் டயோடின் குணம். சாதா டயோடை மீட்டரில் வைத்தால் அது தெரிந்துவிடும். இந்தப் பெரிய ரகமோ இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொள்ளும். மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தட்டுவது அதன் காதிலேயே விழாது. இது மெக்கானிக்குத் தெரியாது. முள் அசையாவிட்டால் செத்தது என்று எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார். "பசங்களுக்குக் காட்டணும்" என்று வாத்தியார் அவற்றைச் சும்மா வாங்கிப் போவார். அத்தனையும் உயிரோடு இருந்தன.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் ஏணி பாதியில் நிற்கும்.

இப்போது ஒரே ஒரு படிதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களில் ஒருவர், கண்ணாடிக் கடைக்காரர், போன தடவையே மானத்தை வாங்கிவிட்டார்: "உங்க பெட்டி பொறி விடறதுக்குள்ள என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும் வாத்தியாரே!" அவருக்கு இன்னும் பேரனே பிறக்கவில்லை.

"ஆனா ஒரு சந்தேகம் சார்" என்றார் மெக்கானிக், தலையைச் சொறிந்தபடி. "இதுல ஃபியூஸ் போயிருந்தது. மாத்திட்டேன். அதோட சரியாயிடும்னு தோணுது. இந்த டயோடையே திருப்பி மாட்டி ஓட்டிப் பாக்கட்டுமா?"

வாத்தியார் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

மூடி கழற்றிய ஓவன் மேசைமேல் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மேலே மின்விசிறி க்ரீச், க்ரீச் என்று சுற்றியது. மனசாட்சி கடைசி பெஞ்சிலிருந்து கையைத் தூக்கியது. வாத்தியார் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வகுப்பில் அவருக்கு நல்ல பழக்கம்.

"பாக்கலாம்தான்..." என்று இழுத்தார். "நாளைக்கே மறுபடி நின்னுதுன்னா யாரு பேரு கெடும்? உங்க பேருதானே?"

"அதுவும் சரிதான். ஆனா கையில ஒரிஜினல் ஒண்ணுதான் இருக்கு. விலை கொஞ்சம் ஜாஸ்தி. கொண்டுவந்து குடுத்தது ஒரு பெரியவர். மூச்சு வாங்கத் தூக்கிட்டு வந்தாரு."

"அப்போ கண்டிப்பா ஒரிஜினல்தான் போடணும்! வயசான மனுஷனை ரெண்டாவது தடவை தூக்க விடலாமா? நல்லா இருக்கே நியாயம்!"

"இல்ல சார், பணம்..."

"ஓவன் வாங்கத் தெரிஞ்ச வீட்ல இதுக்கா யோசிப்பாங்க? கஞ்சனா இருந்தா இருக்கட்டும். அழுதுக்கிட்டே குடுப்பான், நமக்கென்ன!"

மெக்கானிக் சிரித்துவிட்டார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று புதிய டயோடை மாட்டி மூடியைத் திருகினார். ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து ஓட்டினார். தண்ணீர் ஆவி பறக்க வெளியே வந்தது.

"டயோடுதான் சார்! உங்க வாக்கு பலிச்சுது!"

"நான் சொல்லல?" என்ற வாத்தியார் பழைய டயோடைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுத்தார். மனதுக்குள் ஊதாப் பொறி ஒன்று கண்ணாடிக் கடைக்காரரின் மூக்கருகே சீறிப் பாய்ந்தது.

"என்ன தம்பி, வேலை முடிஞ்சுதா?" வாசலில் ஒரு குரல் கேட்டது.

வாத்தியார் திரும்பவில்லை. மேசைக்கு அடியில் எதையோ தேடுகிறவர்போல் மெல்லக் குனிந்தார்.

"முடிஞ்சுதுங்க ஐயா" என்றார் மெக்கானிக். "டயோடு போயிருந்தது. ஒரிஜினல் போட்டிருக்கேன். நான் தயங்கினேன், இந்த சார்தான் விடாப்பிடியா நின்னு போடச் சொன்னாரு."

"யாரு அந்தப் புண்ணியவான்?" பெரியவர் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம மாப்பிள்ளை! காலையில நீங்க கிளம்பினதும் உங்க வீட்டு ஓவன் நின்னுபோச்சுன்னு பொண்ணு என்கிட்ட குடுத்தனுப்பினா. நீங்களே நின்னு ஒரிஜினல் போட வச்சிட்டீங்க, பில்லையும் நீங்களே குடுத்துடுங்க!"