குப்புறக் கிடப்பவன்

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டு ஊரான ஹொல்ம்லியாவின் மல்யுத்தக் கூடத்தில் நீல மெத்தையில் குழல்விளக்கின் வெளிச்சம் அசையாமல் கிடக்கிறது. பள்ளியில் உதைபந்து ஆடும் மகன் ஆன்ட்ரியாஸ் மல்யுத்தமும் பழகலாமா என்று பிலேந்திரன் இன்று சொல்லியாக வேண்டும். மகன் குப்புறக் கிடக்கிறான். முதுகில் இன்னொருவன் ஏறி அழுத்த, அவன் கன்னம் மெத்தையில் நசுங்குகிறது. போர்க்காலத்தில், ஊரிலிருந்த இராணுவச் சாவடியின் சுடுமணலில் பிலேந்திரனின் அண்ணன் இப்படித்தான் கிடந்தான், பிறகு எழும்பவேயில்லை. ஆன்ட்ரியாஸ் திமிறி உருண்டு, மூச்சு வாங்கச் சிரித்தபடி எழுந்து வருகிறான். "பாத்தனீங்களே அப்பா? இனிப் பந்தோடை ஓடேக்கை என்னை ஒருத்தரும் இடிச்சு விழுத்தேலாது. பழகட்டே?" மகன் அப்பாவை உற்றுப் பார்க்கிறான். "ஏனப்பா கையைத் தூக்கி வைச்சிருக்கிறீங்கள்?" அன்று சாவடியில் நிற்கவைத்தபோது போலவே தன் இரு கைகளும் பிடரியில் கோத்திருப்பது அப்போதுதான் பிலேந்திரனுக்குத் தெரிகிறது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் இறக்குகிறார். "பழகு அப்பன்," என்கிறார். "எழும்புறதை நல்லாப் பழகு."