மூன்று விநாடிக் காத்திருப்பு
மதிய வெயில் திரையில் பட்டு எழுத்துகள் வெளிறித் தெரிகின்றன. மருத்துவமனையில் நோயாளிக்கு அளவாக மருந்து செலுத்தும் பம்பின் மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் நிரல் அது. நடுவே, மூன்று விநாடி காத்திருக்கச் சொல்லும் ஒற்றை வரி. அதன் தலைமேல், வேலையை விட்டுப் போன யாரோ எழுதிய குறிப்பு: "இதை எடுக்காதீங்க. ஏன்னு எல்லாருக்கும் தெரியும்." அந்த நிரல் இப்போது கைக்கு வந்திருக்கும் இளம் பொறியாளர் அறை முழுக்கக் கேட்டுவிட்டாள், ஒருவருக்கும் தெரியவில்லை. "எடுத்துடும்மா, சோதனை சீக்கிரம் முடியும்," என்கிறார் பின்னால் நிற்கும் மேலாளர், சாவிக்கொத்தைக் குலுக்கியபடி. எடுக்கிறாள். சோதனைகள் ஓடி முடிகின்றன. எல்லாம் பச்சை, ஒரு பிழையும் இல்லை. "பாத்தியா?" என்கிறார். அவள் வரியைத் திரும்பப் போட்டு, பழைய குறிப்பின் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறாள்: "ஏன் என்று எனக்குத் தெரியாது. எடுத்தாலும் எல்லாம் பச்சையாகவே வருகிறது. இது எதைக் காக்கிறதோ, அதை எந்தச் சோதனையும் பார்ப்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது." சாவிச் சத்தம் நின்றுவிடுகிறது.