நாற்பத்திரண்டாவது கருத்து

நாற்பத்தொரு பேர் பாராட்டியிருந்தார்கள். நாற்பத்திரண்டாவதாக வந்த ஒருவன் மட்டும், ‘மூன்றாவது பாராவில் சொன்னதை ஐந்தாவது பாராவில் நீங்களே மறுத்திருக்கிறீர்கள். நான் எதை நம்புவது?’ என்று கேட்டிருந்தான். ஸ்ஃபாக்ஸ் என்ற தன் ஊரை வைத்து அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஸ்ஃபாக்ஸ்காரன்.

ஷெத்லி கைப்பேசியோடு எழுந்து, பத்திரிகையின் இணையப் பக்கத்தைக் கவனிக்கும் ரிஹாபின் மேசைக்குப் போனார். துனிஸில் வெளியாகும் அந்தப் பத்திரிகையில் வியாழன்தோறும் அவருடைய பத்தி வரும். வியாழன்தோறும் ஸ்ஃபாக்ஸ்காரனும் வந்துவிடுவான். இரண்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

“இந்த ஆளை நிறுத்தணும் ரிஹாப். இனிமே நம்ம பக்கத்துல இவன் ஒரு எழுத்துகூடப் போடக் கூடாது.”

“கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே உஸ்தாத்.”

“கெட்ட வார்த்தைன்னா பொறுத்துக்குவேன். இவன் தப்பு கண்டுபிடிக்கிறான்.”

“போன மாசம் ரேடியோவில நீங்கதானே சொன்னீங்க, ஒரு கருத்தை அழிக்கிறது ஒரு வாயைத் தைக்கிற மாதிரின்னு. எங்க வீட்டுக்காரர்கூடக் கேட்டார்.”

“அது அரசாங்கத்துக்குச் சொன்னதும்மா.”

சொல்லி முடித்ததும் அவருக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது. பழைய ஆட்சியில் தணிக்கை அதிகாரி அவருடைய எழுத்தில் ஒரே ஒரு வரியை வெட்டியிருந்தார். மழை வரலாம் என்ற வரி அது. அந்த ஒரு வெட்டுக் காயத்தைக் காட்டித்தான் ஷெத்லி இத்தனை வருடமாகப் போராளி என்று மேடையேறிக்கொண்டிருந்தார்.

“இவனுக்குப் பயந்து நாகரிகமானவங்க வரத் தயங்குறாங்க,” என்று குரலைத் தணித்தார். “போன வாரம் பாரு, பாராட்டி ஒருத்தர்கூட எழுதலை. இவன் மட்டும் தனியா உக்காந்து என் காற்புள்ளியை எண்ணிக்கிட்டிருந்தான்.”

“போன வாரம் நான் லீவு உஸ்தாத். சின்னவனுக்குக் காய்ச்சல்.”

“இப்ப தேவலையா?”

“தேவலை.”

“சந்தோஷம். இவனை எடுத்துடு.”

ரிஹாப் தயங்கினாள். “அவர் இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு அது நல்லது.”

ஷெத்லி நேராக ஆசிரியர் ஸுஹைரிடம் போனார். விதி என்று ஒன்று எழுத்தில் இருந்தால் யாரையும் எடுக்கலாம் என்றார் ஆசிரியர். விதியை ஷெத்லியே எழுதினார்: ‘வாசகர் கருத்துகள் பண்போடும், பயனோடும், கூடியவரை உடன்பாட்டோடும் இருத்தல் வேண்டும்.’ படித்துப் பார்த்தபோது அந்தத் தணிக்கை அதிகாரியின் நடை அப்படியே வந்திருந்தது. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

மாலையில் ரிஹாப் கூப்பிட்டாள். “அறிவிப்பு அனுப்பிட்டேன் உஸ்தாத். பதில் வந்திருக்கு, படிக்கவா?”

“திட்டியிருப்பானே.”

“‘சரி. போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் மீன் சந்தையைப் பற்றி எழுதினீர்களே, அது நன்றாக இருந்தது.’ அவ்வளவுதான்.”

ஷெத்லி இணைப்பைத் துண்டித்தார்.

அடுத்த வியாழனுக்குக் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி எழுதினார். காற்புள்ளிக் கவலை இல்லாததால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பாராட்டுகள். ஒன்றில்கூடக் கேள்விக்குறி இல்லை. கீழே காப்பிக் கடைக்குப் போய்ச் முட்டையை மாவில் மடித்துப் பொரித்த ப்ரிக் ஒன்றைச் சூடாக வாங்கி, முட்டை மஞ்சள்கரு சட்டையில் வழிந்ததுகூடத் தெரியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மேலே வந்ததும் ஆசிரியர் அழைத்தார்.

“உக்காருங்க ஷெத்லி. உங்க பத்தியை நிறுத்த வேண்டியிருக்கு.”

“மேலிடத்து உத்தரவா?” என்று கேட்டார் ஷெத்லி. அவர் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. வானொலியில் இதை எப்படிச் சொல்வது என்று முதல் வாக்கியம்கூட உருவாகிவிட்டது.

“மேலிடத்துல யாரும் படிக்கிற மாதிரி தெரியலை. ஒரு கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு கணினி காட்டும். உங்களுக்கு எப்பவும் ரெண்டு பேர். போகட்டும்னு விட்டிருந்தேன். இந்த வாரம் ஒருத்தர்.”

குறைந்துபோன அந்த ஒருவர் யார் என்று ஷெத்லிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்ல நடந்து ரிஹாபின் மேசைக்கு வந்து, அவள் எதிரே உட்கார்ந்தார்.

“அந்த ஸ்ஃபாக்ஸ்காரரை மறுபடி சேர்த்துடும்மா. நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுது. காற்புள்ளி சரியா போடு, அவர் பார்ப்பார்.”

“சரி உஸ்தாத்.”

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. முழுசாப் படிச்சது ஒரே ஒருத்தர். பாராட்டினது முப்பத்தெட்டு பேர். அது எப்படிம்மா?”

ரிஹாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்த வாரம் கை வலி உஸ்தாத். அதான் முப்பத்தெட்டோட நிறுத்திட்டேன்.”